வேர்டில் அச்சாகும் பில்லில் பைசா ஏன் உதைக்கிறது?

எக்செலில் 12.3 என்று இருந்த தொகை, மெயில் மெர்ஜ் வழியாக வேர்டு கடிதத்துக்குள் வந்ததும் சில நேரம் 12.300000000000001 என்று நீண்டுவிடுகிறது. தட்டச்சுப் பிழை என்று தேடினால் எதுவும் கிடைக்காது.

மூன்றில் ஒரு பங்கை நாம் தசமத்தில் எழுதினால் 0.333... என்று முடிவின்றிப் போகும் அல்லவா? இரண்டே இலக்கங்களால் எண்ணும் கணினிக்கு 0.1-உம் அப்படித்தான். ஓரிடத்தில் வெட்டித்தான் சேமிக்க வேண்டும். எக்செல் 15 இலக்கங்களோடு நிறுத்திக்கொள்வதால் குறை கண்ணில் படுவதில்லை. மெர்ஜ் ஆகும்போது உள்ளே இருப்பது அப்படியே வெளியே வந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கல், காட்டுவதற்கும் கணக்கிடுவதற்கும் உள்ள இடைவெளி. 12.40 ரூபாய்ப் பொருளுக்கு 18% வரி 2.232 ரூபாய், பில்லில் 2.23. மூன்று பொருள்களுக்குக் கையால் கூட்டினால் 6.69. எக்செல் உள்ளிருக்கும் 2.232-ஐக் கூட்டி, 6.696-ஐ 6.70 என்று காட்டும். வாடிக்கையாளர் கேள்வி கேட்பது நியாயம்தானே!

ஒரு பைசாதானே என்று விடக் கூடாது. 1982-இல் 1000 புள்ளிகளில் தொடங்கிய வான்கூவர் பங்குச் சந்தைக் குறியீடு, ஒவ்வொரு கணக்கிலும் மூன்றாம் தசமத்துக்குப் பிந்தையதை வெட்டியதாலேயே 1983 நவம்பரில் 524.811-க்குச் சரிந்து நின்றது. திருத்தியபோது வந்தது 1098.892!

ஆகவே, ஒவ்வொரு வரியையும் எக்செலின் ரவுண்ட் சூத்திரத்தால் முழுமையாக்கிவிட்டு, அதன் பிறகே கூட்டுங்கள். வேர்டின் மெர்ஜ் புலத்திலும் இரண்டு தசம வடிவத்தைக் குறித்துவிடுங்கள்.