ஒரு முழம் போதும்

"அண்ணாச்சி, இதுக்கு 22 இன்ச் பார் போட்டா தாங்குமா?"

விருதுநகர் பழைய பஸ் நிலையத்துப் பக்கம், டீக்கடை பெஞ்சில் வைத்துத்தான் தம்பி இதைக் கேட்டார். 'பார்' என்ற சொல் காதில் விழுந்ததும் எதிர் பெஞ்சில் இருவர் ஆவலாகத் திரும்பினார்கள். பாவம், அவர்கள் நினைத்த பார் இல்லை இது. தம்பியின் காலடியில் சாக்குக்குள் மரம் அறுக்கிற மெஷின் ஒன்று கிடந்தது. 52 சிசி, நடுத்தர ரகம். ஊர்க் கண்மாயில் சீமைக் கருவேலத்தை ஏலத்தில் எடுத்திருக்கிறார். மெஷினோடு வந்தது 18 இன்ச் பார், அதாவது செயின் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை.

"அட்டைப்பெட்டியிலேயே 22 வரைக்கும் போடலாம்னு இருக்கு. நீளமா போட்டா வேலை சுருக்கா முடியும்ல?"

டீ ஆறும் வரை சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். இரண்டு டீ ஆகிவிட்டது. அந்தப் பேச்சுத்தான் இது.

முதலில் பாரை அளப்பதில் இருக்கும் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பாரைக் கழற்றி, தலை முதல் வால் வரை டேப் வைத்தால் கணக்கு தப்பும். வால் பகுதி மெஷினுக்குள் போய்விடும். அது மரத்தைத் தொடப்போவதில்லை. மெஷினின் முன்முகத்திலிருந்து பாரின் நுனி வரை உள்ளதுதான் கணக்கு. 18 இன்ச் என்று கடைக்காரர் சொல்வது அதைத்தான். நம் ஊர் அளவில் சொன்னால் சரியாக இரண்டு சாண், ஒரு முழம்.

இப்போது அந்த முழத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இந்த ரக மெஷினில் வழக்கமாக ஓடும் செயினில் ஒன்றேகால் இன்ச்சுக்குச் சற்று மேலே ஒரு வெட்டுப்பல் வரும். 8 இன்ச் கட்டையை அறுக்கும்போது மரத்துக்குள் இருப்பது சுமார் 6 பல். 18 இன்ச் பாரானாலும் 22 இன்ச் பாரானாலும் அதே 6 பல்தான். மிச்சமுள்ள செயின் காற்றில் சும்மா ஓடுகிறது. ஆனால் அந்தச் சும்மா ஓட்டத்தையும் இன்ஜின்தான் இழுக்க வேண்டும். ஆக, சின்னக் கட்டையில் நீளப் பாரால் வேகம் ஒரு துளியும் கூடாது, இழுவைதான் கூடும்.

சரி, பெரிய கட்டை என்றால்? 20 இன்ச் கட்டையில் பாரை முழுக்க இறக்கினால் ஒரே நேரத்தில் 15 பல் மரத்தைக் கடிக்கும். 6 பல்லுக்குக் கிடைத்த அதே சக்தியை 15 பல் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இன்ஜின் சத்தம் இறங்கும். நமக்குப் பொறுமை இருக்காது, மெஷினை அழுத்துவோம். சுற்று இன்னும் விழும், கிளட்ச் நழுவிச் சூடேறும், கருகிய வாடை வரும். நானும் ஒரு காலத்தில் புளியமரத்தில் 22 இறக்கிக் கிளட்சைக் கருக்கியவன்தான்.

கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள் தம்பி என்றேன். நீர்மட்டம் இன்னும் 100 அடி கீழே போனால், அதே குதிரைத்திறன் மோட்டாரிலும் தண்ணீர் ஏறத்தான் செய்யும். ஆனால் வாய்க்காலில் விழுவது குறையும். 'இவ்வளவு ஆழம் தாங்கும்' என்று எழுதியிருப்பது எல்லைக்கோடு. அந்தக் கோட்டில்தான் குடியிருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அட்டைப்பெட்டியில் இருக்கும் 22-ம் அப்படித்தான்.

எல்லைக்கோடு எந்த மரத்துக்கு என்பதையும் பார்க்க வேண்டும். மெத்தென்ற பைன் மரத்தில் ஒரு மெஷின் சமாளிக்கும் நீளம் வேறு, நம் கருவேலத்தில் வேறு. சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தீக்குச்சிக்கென்று கேரளத்திலிருந்து வரும் மட்டி மரத்தையும் கண்மாய்க் கருவேலத்தையும் ஒரு சாண் அளவுக்கு வெட்டி இரண்டு கையிலும் பிடித்தால், எது எப்படி என்று கையே சொல்லிவிடும். கனமும் உறுதியும் இருப்பதால்தான் கருவேல விறகு நின்று எரிகிறது, மூட்டம் போட்டால் நல்ல கரியாகிறது. அதே குணம்தான் அறுக்கும்போது மெஷினை முக்க வைக்கிறது.

இந்த மரத்தைக் காமராஜர் காலத்தில் தூவினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அதற்கு வெகு முன்பே, 1877-வாக்கில், விதை சென்னை மாகாணத்துக்கு வந்து கடப்பைப் பக்கம் விதைக்கப்பட்டுவிட்டது. விறகுப் பஞ்சத்துக்கு வந்த மரம் கண்மாயையே குடித்தது பிற்காலக் கதை. 2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. ஏப்ரலில் சென்னையிலிருந்து இடைக்காலத் தடை வந்தது. வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். மரம் தன் போக்கில் தூரிலிருந்து மறுபடி தழைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

அந்தத் தூர்தான் நம் கேள்விக்கு முக்கியம். சீமைக் கருவேலம் வேப்பமரம் மாதிரி ஒற்றைக் காலில் நிற்பதில்லை. ஒரே தூரிலிருந்து நாலைந்து கிளை கோணல்மாணலாகக் கிளம்பும். வெட்டிய இடத்தில் தழைத்ததென்றால் இன்னும் மோசம், பத்துக்கூட இருக்கும். கைப்பருமன் வரை அரிவாளே போதும். மெஷினுக்கு வேலை வருவது தொடைப்பருமனுக்கு மேலேதான். அப்படிப்பட்ட கிளைகள் நெருக்கியடித்து நிற்கும் புதருக்குள் 22 இன்ச் பாரை நீட்டினால் என்ன ஆகும்? நீங்கள் அறுப்பது முன்னால் நிற்கும் கிளையை. நுனி போய் முட்டுவது பின்னால் மறைந்திருக்கும் கிளையை.

மெஷின் உதைப்பது இப்படித்தான். பாரின் நுனியில் மேல் கால்வட்டம் இருக்கிறதே, அங்கே ஓடுகிற செயின் எதிலாவது பட்டால், பல் கடித்து நிற்க முடியாமல் பார் மேலே எகிறி ஆளை நோக்கித் திரும்பும். கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் தகடு, அதாவது செயின் பிரேக், அதற்காகத்தான். வேலைக்கு முன் அதைத் தட்டிச் சோதிக்க வேண்டும். ஆனால் முதல் காவல் அதுவல்ல. நுனி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிவதுதான். கட்டையைவிட 2 இன்ச் நீளம் இருந்தால் போதும் என்று பழகியவர்கள் சொல்வது இதனால்தான். 8 இன்ச் கிளைக்கு வெளியே 14 இன்ச் பார் துருத்திக்கொண்டு நின்றால், அத்தனையும் நீங்கள் பார்க்காத இடத்தில் அலையும் பல்.

தம்பி டீயை வைத்துவிட்டார். "அப்ப 16 போட்டுரவா?"

புதருக்குள்ளேயே பொழுதெல்லாம் வேலை என்றால் 16 இன்னும் நல்லது. நுனி கைக்கு அடங்கும், முன்பாரமும் குறையும். பாதி நாள் புதர், பாதி நாள் விழுந்த வேம்பு, புளி என்றால், 50 சிசியை ஒட்டிய மெஷினுக்கு 18 பொருத்தம். 20-ஐ எப்போதாவது பெரிய கட்டை வந்தால் மாட்டலாம். கருவேலத்துக்கு 22 வேண்டவே வேண்டாம்.

"பெரிய புளியமரம் வந்தா?"

இரண்டு பக்கமும் அறுக்க வேண்டியதுதான். கிடக்கும் கட்டையை மேலிருந்து முக்கால் பங்கு அறுத்து, புரட்டிப் போட்டு, மறுபக்கத்திலிருந்து முடிக்கலாம். ஒரு முழப் பாரால் ஒன்றரை முழக் கட்டையும் துண்டாகும். புரட்டி அறுத்தால் செயின் மண்ணில் இறங்காது என்பது உபரி லாபம்.

மண்தான் இந்தத் தொழிலின் எமன். ஒரு நொடி கரிசல் மண்ணிலோ சரளையிலோ பட்டால் போதும், பல் மழுங்கிவிடும். தூரை ஒட்டி அறுக்கும் முன் சுற்றி மண்ணைக் கொத்திவிட்டு, முள்ளை ஒதுக்கிவிட்டு இறங்க வேண்டும். கூர் இருக்கிறதா என்று பார்க்கப் பல்லைத் தடவ வேண்டாம், விழுவதைப் பார்த்தால் போதும். செதில் செதிலாக விழுந்தால் கூர், மாவாக விழுந்தால் மொட்டை. 1946-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் பஃபோர்ட் காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைக் குடையும் வண்டுப்புழு இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவுவதைக் கவனித்தார். இன்றைய செயினின் பல் அந்தப் புழுவின் தாடையிலிருந்து வந்தது. அதனால் இது சீவ வேண்டிய பல், சுரண்ட வேண்டியதல்ல. 18 இன்ச் செயினில் வழக்கமாக 72 கண்ணி, 36 பல். 22-க்கு 86 கண்ணி, 43 பல். ஒவ்வொரு முறை அரம் பிடிக்கும்போதும் 7 பல் கூடுதல் வேலை. செயின் மாற்றும்போது காசும் கூடுதல்.

எண்ணெய்க் கதையும் அதேதான். மெஷினுக்குள் இருக்கும் சின்ன பம்ப் ஒரு அளவுதான் செயினுக்கு எண்ணெய் விடும். பார் நீண்டால் அதே எண்ணெய் அதிக தூரம் போக வேண்டும், நுனி காயும். ஒரு காய்ந்த பலகைக்கு மேலே நுனியைப் பிடித்து ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். எண்ணெய் கோடு விழுந்தால் சரி. லாரியிலிருந்து இறக்கிய பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள். அதில் மிதக்கும் இரும்புத்தூள் பாரையும் பம்பையும் தின்னும்.

வேறு பார் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் நீளம் மட்டும் பார்த்தால் போதாது. பாரின் வால் பக்கம் பொறித்திருக்கும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கண்ணி இடைவெளி, பள்ளத்தின் அகலம், கண்ணி எண்ணிக்கை. மூன்றில் ஒன்று தப்பினாலும் செயின் உட்காராது; உட்கார்ந்தாலும் ஸ்ப்ராக்கெட்டைத் தின்றுவிடும்.

கடைசியாக ஒன்று, நம் பக்கத்துக்கே உரியது. தம்பிக்கு சிவகாசி ரோட்டில் ஒரு பட்டாசு ஆலைக்காரரும், வேலி ஓரம் முள்ளை எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறாராம். பெட்ரோல் மெஷினின் சைலன்சர் காய்ந்த புல்லைப் பற்ற வைக்கும் அளவுக்குச் சுடும். செயின் கல்லில் பட்டால் பொறி பறக்கும். மருந்து அறை இருக்கும் வளாகத்தில் செல்போனையே வாசலில் வாங்கி வைக்கிறார்கள்; அங்கே இதற்கு இடமேது? அந்த வேலைக்கு அரிவாளும் தொரட்டியும் கைரம்பமும்தான். கண்மாயிலும்கூட, மெஷின் ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்றி, ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்வது நல்லது.

தம்பி காசு கொடுத்துவிட்டு எழுந்தார். சாக்கைத் திறந்து, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை பாரின் மேல் வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது.

"இதே இருக்கட்டும் அண்ணாச்சி. அந்த 22-க்கு வச்ச காசுக்கு ரெண்டு செயினும் ஒரு அரமும் வாங்கிர்றேன்."

எதிர் பெஞ்சுக்காரர்கள் எப்போதோ போய்விட்டிருந்தார்கள்.