மந்திரக் கதைகளும் மதப்பற்றுள்ள பெற்றோரும்

குழந்தைகளுக்கு மந்திரக் கதை என்றால் வெல்லக்கட்டிதான். அந்த வெல்லத்தில் விஷம் கலந்திருக்குமோ என்று பெற்றவர்கள் அஞ்சினால், அதைக் கேலி செய்து தள்ளிவிடுவது நியாயமாகாது. மேனாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களில் எழுந்த இந்த அச்சத்தைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

1997-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ரௌலிங் அம்மையாரின் ஹாரி பாட்டர் கதையின் முதற் புஸ்தகம் வெளிவந்தது. மந்திரவாதிகளின் பள்ளிக்கூடத்தில் பயிலும் ஓர் அநாதைச் சிறுவனே கதாநாயகன். குழந்தைகள் அதில் சொக்கிப் போனார்கள்; பெற்றோர் பலர் திடுக்கிட்டார்கள். காரணம் இல்லாமலில்லை. பைபிளில் உபாகமம் 18-ஆம் அதிகாரம் குறி சொல்லுதல், சூனியம், செத்தவர்களிடம் ஆலோசனை கேட்டல் முதலியவற்றைக் கண்டிப்பாக விலக்கியிருக்கிறது. விலக்கப்பட்ட வித்தையைக் கதாநாயகனே கற்றுத் தேர்ந்தால், படிக்கும் பிள்ளைக்கும் அதில் ஆசை பிறக்காதா என்பதே அவர்கள் கேள்வி.

முதற் சினிமாப் படம் வெளிவந்த 2001-ஆம் ஆண்டின் டிசம்பர் 30-ஆம் தேதி, அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ ராஜ்யத்து ஆலமகோர்டோ நகரில் ஒரு சபையார் இப்புஸ்தகங்களைத் தீயிலிட்டனர். எபேசு நகரத்து மாந்திரிகர்கள் மனந்திரும்பித் தங்கள் ஏடுகளைக் கொளுத்திய வரலாறு அப்போஸ்தலர் நடபடிகளில் உண்டு. ஆனால் அவை மெய்யாகவே மாந்திரிகம் செய்தவர்களின் ஏடுகள், இவையோ கதைகள்.

கற்பனையில் மந்திரம் வருவதே பாவமென்றால், ஸி. எஸ். லூயிஸ் என்செய்வார்? கிறிஸ்தவ சமயத்துக்காக வாதாடிய அவர், 1950 முதல் 1956 வரை வெளியிட்ட ஏழு நார்னியா கதைகளிலும் மாயாஜாலம் நிறைந்திருக்கிறது. அவற்றுள் வரும் சிங்கம் பிறனுக்காக உயிர் கொடுத்து, மீண்டும் உயிர்த்தெழுகிறது. "அங்கே சூனியக்காரி தீயவள், இங்கே நாயகனே மந்திரவாதி" என்பார்கள். அந்த வேற்றுமை மெய்யே. எனினும் 2007-இல் வெளிவந்த கடைசி ஹாரி பாட்டர் புஸ்தகத்தில் இரண்டு கல்லறைகளின்மேல் பைபிள் வாசகங்களே பொறிக்கப்பட்டிருக்கின்றன. பிறரைக் காக்க அச்சிறுவன் ஆயுதம் எடாமல் மரணத்தை எதிர்கொள்கிறான்.

மந்திரத்தைவிடக் கருத்தே முக்கியம் என்பதற்கு வேறோர் உதாரணமும் உண்டு. அதே 2007-இல், பிலிப் புல்மனின் நாவலைத் தழுவிய "கோல்டன் காம்பஸ்" படத்தைப் பகிஷ்கரிக்குமாறு அமெரிக்கக் கத்தோலிக்க லீக் அறைகூவிற்று. திருச்சபையைக் கொடுங்கோலாகச் சித்திரிக்கும் கதைகளுக்கு அப்படம் குழந்தைகளை இழுத்துவிடும் என்பது அவர்கள் ஆட்சேபம். கதை எதைப் போதிக்கிறது என்று பார்த்துச் சொன்ன ஆட்சேபம் ஆகையால், ஒப்பினும் மறுப்பினும் விவாதிக்கத் தக்கது.

தீர்மானிக்க வேண்டியவர் யார்? ஆர்க்கன்ஸாஸ் ராஜ்யத்து ஸெடர்வில் பள்ளி நிர்வாகக் குழு, பெற்றோர் எழுத்துமூலம் அனுமதித்தாலன்றி ஹாரி பாட்டரை மாணவர்க்குக் கொடுக்கலாகாது என்று 2002-இல் உத்தரவிட்டது. அனுமதி பெற்றிருந்த மாணவியின் பெற்றோரே வழக்குத் தொடுத்தனர். 2003-இல் நீதிமன்றம் புஸ்தகங்களைப் பழையபடி அலமாரியில் வைக்குமாறு தீர்ப்பளித்தது.

தம் குழந்தை எதைப் படிக்கலாம் என்று சொல்லும் உரிமை பெற்றோருக்கு உண்டு. அண்டை வீட்டுக் குழந்தையின் அலமாரியைப் பூட்டும் உரிமை இல்லை. கவலையுள்ள பெற்றோர் குழந்தையின் அருகே அமர்ந்து அந்தக் கதையைத் தாமும் படிப்பாராக. "இவன் தன் சக்தியை யாருக்காகப் பயன்படுத்தினான்?" என்று கேட்பாராக. பிள்ளை சொல்லும் பதிலிலிருந்து, கதை அதன் மனத்தில் என்ன விதைத்திருக்கிறது என்பது விளங்கிவிடும்.