வீட்டைப் பார்த்துக் கட்டுவோம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இவ்விரண்டிலும் உள்ள சிரமத்தை அநுபவித்தவரே அறிவர் என்பது அதன் கருத்து. ஆயினும், அதில் வரும் ‘பார்’ என்னும் சொல்லுக்கு நேரான பொருளையே கொண்டாலும் பிழையில்லை. வீடு கட்டும் குடும்பத்தார் அவ்வீடு வளர்வதை நாள்தோறும் கண்ணால் பார்த்துவருதல் வேண்டும். நாற்று நட்ட குடியானவர், அறுவடையன்றுதான் வயலுக்குப் போவேன் என்று வாளா இருப்பதுண்டா? பயிருக்கு உள்ள இந்த நியாயம் வீட்டிற்கும் பொருந்தும்.

கிராமத்தில் ஒரு சாதாரணக் குடும்பம் பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறைதான் வீடு கட்டுகிறது. பல ஆண்டுச் சேமிப்பும், ஆடு மாடு விற்ற பணமும், நகையை ஈடுவைத்துப் பெற்ற கடனும், அரசாங்கம் அளிக்கும் உதவியும் அந்த ஒரு கட்டடத்தில் போய்ச் சேருகின்றன. 2024-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டிற்கு 3.50 லட்சம் ரூபாயும், வீட்டின் பரப்பு 360 சதுர அடியும் என வகுக்கப்பட்டன. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டுவசதித் திட்டம், சமையலறை உட்பட 25 சதுர மீட்டரைக் குறைந்த அளவாக வைத்தது. இத்தகைய திட்டங்களில் வேலை முன்னேறுவதற்கு ஏற்பத் தவணை தவணையாகப் பணம் வழங்கப்படுகிறது. கட்டந்தோறும் புகைப்படமும் எடுக்கப்படுகிறது. ஆனால், புகைப்படத்தில் சுவர் உயர்ந்திருப்பதுதான் தெரியும். சுவருக்குள் இருக்கும் கலவை தெரியாது. அதை அறியக்கூடியவர்கள், அன்றாடம் அங்கே நிற்கும் வீட்டுக்காரர்களே.

அவர்கள் மனத்தில் கொள்ளவேண்டிய விதி ஒன்றே. கட்டட வேலையில் ஒவ்வொரு கட்டமும் தனக்கு முந்திய கட்டத்தை மூடிவிடுகிறது. மண் கடைக்காலை மூடும். கான்கிரீட்டு கம்பியை மூடும். பூச்சு செங்கல்லை மூடும். ஆகையால், மூடப்படுமுன் பார்த்துவிடல் வேண்டும். மூடியபின் கண்ட குறையைத் தீர்க்க, கட்டியதை இடிக்கவேண்டியதாகிவிடும்.

ஓர் அறை, ஒரு கூடம், ஒரு சமையலறை கொண்ட சிறு வீட்டைக் கட்டத் தொடங்கும் ஓர் உழவர் குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கணவர் வயல் வேலைக்குப் போகிறவர். மனைவியும், வயது முதிர்ந்த மாமியாரும், எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளும் மனையருகே போட்ட கீற்றுக் கொட்டகையில் இருக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன் புது வீட்டிற்குள் போய்விடவேண்டும் என்பது அவர்கள் விருப்பம். இவர்கள் எந்தெந்தச் சமயத்தில் எதை எதைப் பார்க்கவேண்டும்?

கடைக்கால்

வானம் தோண்டியவுடன் அதன் அடிமட்டத்தைப் பார்க்கவேண்டும். அது ஒரே சீராகக் கெட்டியாக இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் கடப்பாரை எளிதாக இறங்கினால், அங்கே தூர்ந்துபோன குழியோ பழைய குப்பை மண்ணோ இருக்கக்கூடும். கெட்டி மண் வரும்வரை தோண்டவேண்டும். செம்மண், சரளை நிலங்களில் வேலை எளிது. கரிசல் நிலத்தில் கவனம் அதிகம் தேவை. மழையில் ஊதிப் பெருத்து, கோடையில் சுருங்கி வெடிக்கும் இயல்புடையது கரிசல். அதன் மேற்பரப்பில் ஆழமின்றிக் கடைக்கால் போட்டால், மண்ணோடு சேர்ந்து சுவரும் அசைந்து விரிசல் காணும். கோவில்பட்டி, சாத்தூர் முதலிய கரிசல் வட்டாரங்களில் வீடு கட்டுவோர், ஆழத்தையும் அடித்தளத்தின் அமைப்பையும் ஊராட்சி ஒன்றியப் பொறியாளரைக் கேட்டே முடிவு செய்தல் நலம்.

மூலை சரியாக இருக்கிறதா என்பதை எவரும் சோதிக்கலாம். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடியும், மறுபக்கம் 4 அடியும் அளந்து குறியிட்டால், இரு குறிகளுக்கும் இடையே சரியாக 5 அடி இருக்கவேண்டும். பள்ளியில் கற்ற இக்கணக்கை மகள் நூல் பிடித்துச் செய்து காட்டுவாள்.

பீடத்திற்குள் மண் நிரப்பும்போது, அரையடிக்கு ஒரு படையாக நிரப்பி, நீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடிக்கவேண்டும். முழு உயரத்திற்கும் ஒரே தடவையில் மண்ணைக் கொட்டிவிட்டால், சில மழைகளுக்குப் பின் தரை தாழ்ந்துபோகும். பீடத்தின் தலைமட்டத்தில், சுவரில் ஓதம் ஏறாதிருக்க ஈரத்தடுப்புப் படை போடப்பட்டதா என்பதையும் இப்போதே பார்க்கவேண்டும்.

பொருள்களைச் சோதித்தல்

செங்கல் இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் மணியோசை எழவேண்டும். நகத்தால் கீறினால் தடம் விழலாகாது. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழச்செய்தால் நல்ல கல் உடையாது. நாள் முழுதும் நீரில் ஊறிய கல், தன் எடையில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் நீரைக் குடித்தால், அது போதிய அளவு வேகாத கல் என்று ஐயுறலாம்.

ஆற்று மணலில் வண்டல் இருக்கிறதா என அறிய, ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதியளவு மணல் இட்டு, நீர் ஊற்றிச் சிறிது உப்புச் சேர்த்துக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வைக்கவேண்டும். மணல் மீது படியும் வண்டல், மணலின் உயரத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கைத் தாண்டலாகாது. இப்போது பெரிதும் பயன்படும் எம்-சாண்டு வாங்குவோர், அதன் பெயரால் வெறும் கிரஷர் தூளைக் கொட்டிவிடாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும்.

சிமெண்டு மூட்டையின் மேல் அது தயாரான வாரமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். மூன்று மாதத்திற்கு மேற்பட்ட சிமெண்டைச் சோதிக்காமல் பயன்படுத்தலாகாது. மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் பலகை மேல், சுவரை விட்டு ஓரடி தள்ளி அடுக்குதல் வேண்டும். கட்டி கட்டியாக இறுகியதை உடைத்துக் கலவையில் போட இடந்தரலாகாது.

சுவர்

செங்கல்லை நீரில் ஊறவைத்த பிறகே அடுக்கவேண்டும். உலர்ந்த கல் கலவையிலுள்ள நீரை உறிஞ்சிவிடும். ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் என்பது வழக்கமான கலவை. நீர் சேர்த்த கலவையை அரைமணி நேரத்திற்குள் செலவிடவேண்டும். இறுகத் தொடங்கிய கலவைக்கு மீண்டும் நீர் விட்டுக் குழைப்பது கெடுதல். காலையில் மொத்தமாகக் குழைத்ததைச் சாப்பாட்டு நேரத்திற்குப் பிறகும் பயன்படுத்துகிறார்களா என்று பார்த்தாலே போதும். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் சுவரின் நேர்மையும், ரசமட்டத்தை வைத்தால் வரிசையின் மட்டமும் தெரிந்துவிடும். ஒரே நாளில் ஒன்றரை மீட்டருக்கு மேல் சுவரை உயர்த்தாமலிருப்பது நன்று.

தளம் போடும் நாள்

வீடு கட்டுவதில் மிகவும் விழிப்பாக இருக்கவேண்டிய நாள் இதுவே. காலையில் கலவை இயந்திரம் வந்துவிடும், ஆட்கள் கூடிவிடுவர், எல்லோருக்கும் அவசரம். ஆகவே, கம்பிகளை முதல் நாள் மாலையிலேயே பார்த்துவிடவேண்டும்.

நம் உதாரணக் குடும்பத்தில் மகள் சாரத்தின் மேல் ஏறிப் பார்க்கிறாள். கம்பிகள் பலகையின் மேலேயே படிந்து கிடக்கின்றன. தாயிடம் சொல்கிறாள். தாய், "மேஸ்திரி அண்ணா, கம்பிக்கு அடியில் கட்டை வைக்கவில்லையே?" என்று கேட்கிறாள். "கான்கிரீட்டு போடும்போது தூக்கிவிட்டுக்கொள்வோம், அம்மா" என்பது மேஸ்திரியின் பதில். இப்பதிலை ஏற்றல் கூடாது. தளத்தின் அடிக்கம்பிக்குக் கீழே குறைந்தது 20 மில்லிமீட்டர் கனத்திற்குக் கான்கிரீட்டு மூடியிருக்கவேண்டும். அதற்கெனச் செய்த சிறு சிமெண்டுக் கட்டைகளைக் கம்பிக்கு அடியில் வைத்தால்தான் அந்த இடைவெளி நிலைக்கும். வைக்காவிட்டால், ஈரமும் காற்றும் எளிதில் கம்பியை எட்டும். கம்பி துருவேறிப் பருக்கும். பருத்த கம்பி கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். சில ஆண்டுகளுக்குப் பின் கூரையின் அடிப்புறம் பெயர்ந்து, படுத்திருப்போர் மேல் விழுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஒரு மணி நேர வேலையும் சில கைப்பிடிக் கலவையும் அந்த ஆபத்தைத் தடுத்துவிடும்.

கம்பியின் கனத்தை எடை போட்டு அறியலாம். 12 மீட்டர் நீளமுள்ள 8 மில்லிமீட்டர் கம்பி ஏறத்தாழ 4.7 கிலோவும், 10 மில்லிமீட்டர் கம்பி 7.4 கிலோவும் இருக்கவேண்டும்.

தளக் கான்கிரீட்டுக்கு ஒரு பங்கு சிமெண்டு, ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்பது வழக்கமான அளவு. 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் நீர் சேரலாகாது. நீர் கூடினால் கான்கிரீட்டு எளிதாக ஓடும். ஆட்களுக்குச் சிரமம் குறையும். ஆனால் வலிமையும் உடன் குறையும். 300 சதுர அடிப் பரப்புக்கு நான்கு அங்குலக் கனத்தில் இவ்வளவுப்படி தளம் போட ஏறத்தாழ 23 மூட்டை சிமெண்டு செல்லும். மாலையில் காலிச் சாக்குகளை எண்ணிப் பார்த்தால், கலவை எப்படிப் போயிற்று என்பது தெரிந்துவிடும். இதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டியதில்லை.

நீராற்றுதல்

"தளம் காய்ந்துவிட்டதா?" என்று கேட்பது நம் வழக்கம். இக்கேள்வியிலேயே ஒரு தவறு அடங்கியிருக்கிறது. சிமெண்டு களிமண்ணைப்போலக் காய்ந்து இறுகுவதில்லை. நீரோடு கலந்து வினைபுரிந்தே இறுகுகிறது. நீர் அற்றுப்போனால் அவ்வினை இடையில் நின்றுவிடும். வலிமையும் அத்துடன் நின்றுவிடும். தளம் போட்ட மறுநாளே அதன் மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்தவேண்டும். சாதாரண போர்ட்லண்டு சிமெண்டாயின் குறைந்தது 7 நாட்கள். இப்போது கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமெண்டாயின் 10 நாட்கள், கூடுமானால் 14 நாட்கள் ஈரம் உலராமல் காத்தல் வேண்டும். பாத்தி கட்டி நீர் நிறுத்துதல் உழவருக்குக் கற்பிக்கவேண்டிய வித்தையன்று. சுவருக்கும் பூச்சுக்கும் ஒரு வாரம் நீர் தெளிக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வரமாட்டார். ஆனால் அன்றும் வெயில் வரும். அப்போது குடத்தை எடுக்கவேண்டியவர் வீட்டிலுள்ளவர்தாம். நம் குடும்பத்தில் மாமியார் இவ்வேலையை ஏற்றுக்கொள்கிறார். அதற்கும், கலவைக்கும், குடிப்பதற்கு ஏற்ற நல்ல தண்ணீரே தேவை. உவர்நீர் கம்பியை அரித்துவிடும்.

இங்கே ஒரு சோதனை நேர்கிறது. ஐந்தாம் நாள், முட்டுகளைப் பிரித்து வேறோர் இடத்திற்குக் கொண்டுபோகவேண்டும் என்கிறார் மேஸ்திரி. பலகைகளுக்கு நாள் வாடகை ஏறுகிறது, வானமும் கறுத்துவருகிறது. குடும்பத்தாருக்கும் சீக்கிரம் வேலை முடியவேண்டும் என்ற ஆசை உண்டு. ஆயினும், சாதாரண போர்ட்லண்டு சிமெண்டில் கூட, நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகள் 7 நாட்களும், அதற்கு மேற்பட்டால் 14 நாட்களும் இருக்கவேண்டும் என்பது விதி. கலப்புச் சிமெண்டில் இன்னும் சில நாட்கள் பொறுப்பது நன்று. எத்தனை நாட்கள் பலகை நிற்கும், அவ்வாடகை யாருடையது என்பதை ஒப்பந்தம் பேசும்போதே எழுதிக்கொண்டால், அன்றைய தினம் வாக்குவாதத்திற்கு இடமிராது. கொட்டகையில் இன்னும் ஒரு வாரம் நனைந்தாலும், அதன் பயன் அடுத்த தலைமுறைக்கும் கிடைக்கும்.

கணக்குப் புத்தகம்

இவ்வளவையும் நினைவில் வைத்தல் அரிது. ஆகவே, ஒரு நோட்டுப் புத்தகம் போடவேண்டும். தேதி, அன்று நடந்த வேலை, வந்த ஆட்கள், செலவான மூட்டைகள், கொடுத்த பணம், நீர் விட்ட நேரம் ஆகியவற்றை மகள் மாலைதோறும் எழுதிவரட்டும். கடைக்கால், கம்பி, குழாய் முதலியன மூடப்படுமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். பிற்காலத்தில் சுவரில் ஆணி அடிக்கவும், மேலே ஒரு மாடி எழுப்பலாமா என்று பொறியாளரைக் கேட்கவும் அவை உதவும். மேஸ்திரிக்கும் வேலை முடிந்த அளவுக்கே பணம் கொடுத்துவந்தால், இருவருக்கும் இடையே மனக்கசப்பு நேராது. நல்ல கொத்தனார் எவரும் இப்படிப் பார்ப்பதைக் குறையாகக் கொள்ளமாட்டார். தம் வேலையின் அருமையை அறிந்த குடும்பம் என்றே மகிழ்வார்.

புதுமனை புகுவிழா அன்று உறவினர் வந்து சுவரின் வண்ணத்தையும் தரையின் பளபளப்பையும் பார்த்துப் பாராட்டுவர். கடைக்காலின் ஆழமும், கம்பியின் கீழ் வைத்த கட்டைகளும், பத்து நாள் சுமந்த தண்ணீரும் அவர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டா. அவை அக்குடும்பத்தாருக்குத் தெரியும். பால் காய்ச்சிய அன்றிரவு வெளியே மழை கொட்டும்போது, அச்சமின்றிக் கண்ணயர அதுவே போதும். அத்தகைய வீடுகள் நம் கிராமங்கள்தோறும் எழுவதற்கு, கட்டும் ஒவ்வொருவரும் பார்த்துக் கட்டுவோமாக.