இறாலா, ஹில்சாவா? கொல்கத்தா டெர்பி ரசிகர்கள் கைகோத்தது ஏன்?

மோகன் பகான் ஜெயித்தால் ரசிகர்கள் வீட்டில் இறால் குழம்பு. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன். கொல்கத்தாவில் டெர்பி ரிசல்ட் சமையலறை வரைக்கும் போகும்.

அப்படி என்னதான் பகை?

1889-ல் தொடங்கியது மோகன் பகான். 1911 ஐஎஃப்ஏ ஷீல்டு இறுதிப்போட்டியில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் என்ற பிரிட்டிஷ் ராணுவ அணியை 2-1 எனச் சாய்த்தது. அந்த அணியில் பெரும்பாலானோர் வெறுங்காலில் ஆடியவர்கள். இந்தப் பெருமையைச் சொந்தம் கொண்டாடுபவர்கள் மேற்கு வங்கத்தின் பூர்வீகக் குடும்பங்கள். அவர்களுக்கு 'கோட்டி' என்று பெயர் (நெல்லைக்காரர்கள் சிரிக்க வேண்டாம்!).

கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் 'பாங்கால்'. பேச்சு, சாப்பாடு என எல்லாவற்றுக்கும் நகரத்தில் கேலிக்கு ஆளானவர்கள். 1920-ல் ஈஸ்ட் பெங்கால் கிளப் பிறந்தது. 1947 பிரிவினையில் அகதிகள் லட்சக்கணக்கில் வந்தபோதுதான் அதன் அர்த்தமே மாறியது. வீடு, நிலம், ஆறு எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம். விட்டுவந்த ஊரின் பெயர் மிச்சமிருந்தது ஒரு ஃபுட்பால் ஜெர்சியில். டாக்காவைப் பார்த்தே இராத பேரப்பிள்ளைகளும் இன்றைக்கு அதே சிவப்பு-தங்க நிறத்துக்காகத் தொண்டை கிழியக் கத்துவது அதனால்தான்.

இந்த வெறி உயிரையும் குடித்திருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன் மைதானம். டெர்பியின்போது கேலரியில் மோதல், நெரிசல். 16 ரசிகர்கள் வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகும் கூட்டம் குறையவில்லை. 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு சால்ட் லேக் ஸ்டேடியத்தில் திரண்டவர்கள் 1.3 லட்சம் பேருக்கு மேல்.

2024 ஆகஸ்டில்தான் அந்த ட்விஸ்ட். ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். நகரமே கொதித்தது. ஆகஸ்ட் 18-ல் நடக்கவிருந்த டூரண்ட் கோப்பை டெர்பி, பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்தானது. கேலரியில் நீதி கேட்டுக் குரல் எழும் என்ற பயம்தான் காரணம் என்றார்கள் ரசிகர்கள்.

மேட்ச் இல்லாவிட்டாலும் ஸ்டேடியம் வாசலுக்கு வந்தார்கள். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், கூடவே முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்கள். ஒரு கிளப் ரசிகர் தோளில் எதிர் கிளப் ரசிகர். போலீஸ் தடியடி நடத்தியபோது ஜெர்சி நிறம் பார்க்கவில்லை.

இது திடீர்ப் பாசம் இல்லை. ஒரே ஆபீஸ், ஒரே தெரு, சில வீடுகளில் கணவன் ஒரு கட்சி, மனைவி ஒரு கட்சி. நூறு வருஷம் சண்டை போட்டதில் எதிராளியை இவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

இரண்டே மாதம். அக்டோபர் 19-ல் ஐஎஸ்எல் டெர்பி. மோகன் பகான் 2-0. மறுபடியும் எதிரெதிர் கேலரி.