பலநிலை இணைப்புப் பட்டியலைத் தட்டையாக்கல்

பலநிலை இணைப்புப் பட்டியலைத் தட்டையாக்கல் என்பது, கிளைப் பட்டியல்களைக் கொண்ட ஓர் இணைப்புப் பட்டியலை, அதன் கணு எதனையும் இழக்காமல், ஒரே நிலையில் அமைந்த நேர்ப் பட்டியலாக மாற்றும் செயலாகும். தரவுக் கட்டமைப்புகளைக் கற்போருக்கு வழக்கமாகத் தரப்படும் பயிற்சிகளுள் இதுவும் ஒன்று. புதிய கணுக்களை உருவாக்காமல், ஏற்கனவே உள்ள சுட்டுகளை மாற்றுவதன் மூலமே இதனைச் செய்ய இயலும். தெரிவு செய்யும் முறையைப் பொறுத்து, கணுக்களின் வரிசை, தேவைப்படும் நினைவகம், பழைய வடிவை மீட்கும் வாய்ப்பு ஆகியன வேறுபடுகின்றன. இங்கு ஜாவா நிரலாக்க மொழியை அடிப்படையாகக் கொண்டு இது விளக்கப்படுகின்றது.

பின்னணி

இணைப்புப் பட்டியலை அலன் நியூவெல், கிளிஃப் ஷா, ஹெர்பர்ட் சைமன் ஆகியோர் 1955-1956 காலப்பகுதியில் தமது தகவல் செயலாக்க மொழிக்காக உருவாக்கினர். 1958 இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் மொழியில், ஒரு பட்டியலின் உறுப்பாக இன்னொரு பட்டியல் அமைவது இயல்பான ஒன்றாகும்.

1998 இல் வெளிவந்த ஜாவா 1.2 பதிப்பு முதல், அம்மொழியின் நூலகத்தில் இருவழி இணைப்புப் பட்டியலுக்கான வகுப்பு ஒன்று உள்ளது. எனினும் அவ்வகுப்பு தன் கணுக்களை வெளியே காட்டுவதில்லை. ஒரு பட்டியலுடன் இன்னொன்றைச் சேர்க்கும்போது அது ஒவ்வோர் உறுப்புக்கும் புதிய கணுவை உருவாக்குகின்றது. எனவே சுட்டுகளை மாற்றித் தட்டையாக்க, நிரலர் தமது சொந்தக் கணு வகுப்பை எழுதவேண்டும்.

கட்டமைப்பு

ஒவ்வொரு கணுவும் ஒரு பொருள். அதில் நான்கு புலங்கள் உள்ளன:

* மதிப்பு - கணு தாங்கும் தரவு
* அடுத்தது - அதே நிலையிலுள்ள அடுத்த கணுவைக் காட்டும் சுட்டு
* முந்தையது - அதே நிலையிலுள்ள முந்தைய கணுவைக் காட்டும் சுட்டு
* சேய் - கீழ்நிலைப் பட்டியலின் தலைக்கணுவைக் காட்டும் சுட்டு. கிளை இல்லையெனில் வெற்று

எடுத்துக்காட்டாக, பின்வரும் பட்டியலைக் கொள்க.

* முதல் நிலை: அ, ஆ, இ
* இரண்டாம் நிலை: ஆ என்பதன் சேய்ப் பட்டியல் க, ங, ச, இ என்பதன் சேய்ப் பட்டியல் த
* மூன்றாம் நிலை: ங என்பதன் சேய்ப் பட்டியல் ப, ம

இதனை இரு வரிசைகளில் தட்டையாக்கலாம்.

* ஆழ வரிசை: அ, ஆ, க, ங, ப, ம, ச, இ, த
* நிலை வரிசை: அ, ஆ, இ, க, ங, ச, த, ப, ம

நூலொன்றின் அத்தியாயங்களையும் அவற்றின் உட்பிரிவுகளையும் படிக்கும் ஒழுங்கில் அடுக்க ஆழ வரிசை பொருந்தும். மேல்நிலை உறுப்புகள் யாவும் முதலில் வரவேண்டுமெனில் நிலை வரிசை பொருந்தும்.

நிலை வரிசை முறை

1. முதல் நிலையின் கடைசிக் கணுவை 'வால்' எனக் கொள்க.
2. தலைக்கணுவை 'நடப்பு' எனக் கொள்க.
3. நடப்புக் கணுவுக்குச் சேய் இருப்பின், சேய்ப் பட்டியலை வாலுக்குப் பின் இணைத்து, சேய்ச் சுட்டை வெற்றாக்குக. பின்னர் வாலைப் புதிய இறுதிக்கு நகர்த்துக.
4. நடப்பை அடுத்த கணுவுக்கு நகர்த்துக. அது வெற்றாகும் வரை படி 3 முதல் மீளச் செய்க.

இம்முறையில் தனியான வரிசைக் கட்டமைப்பு எதுவும் தேவையில்லை. நடப்புக்கும் வாலுக்கும் இடைப்பட்ட பகுதியே, இன்னும் ஆராயப்படாத கணுக்களின் வரிசையாகப் பயன்படுகின்றது.

ஆழ வரிசை முறை

சேயுள்ள கணு எதிர்ப்படும்போது, அதன் சேய்ப் பட்டியலின் இறுதிக் கணு கண்டறியப்படுகின்றது. அந்த இறுதிக் கணு, நடப்புக் கணுவின் அடுத்த கணுவுடன் இணைக்கப்படுகின்றது. பின்னர் சேய்ப் பட்டியலின் தலை, நடப்புக் கணுவுக்கு அடுத்ததாக வைக்கப்பட்டு, சேய்ச் சுட்டு வெற்றாக்கப்படுகின்றது. இவ்வாறு ஆ என்ற கணுவில் அ, ஆ, க, ங, ச, இ எனவும், பின்னர் ங என்ற கணுவில் அ, ஆ, க, ங, ப, ம, ச, இ எனவும் பட்டியல் நீள்கின்றது.

தற்சுழற்சி மூலமும் இதனை எழுதலாம். சேய்ச் சுட்டுக்கு மட்டும் தற்சுழற்சியைப் பயன்படுத்தினால் அதன் ஆழம் நிலைகளின் எண்ணிக்கையைத் தாண்டாது. அடுத்தது என்ற சுட்டுக்கும் பயன்படுத்தினால், ஆழம் கணுக்களின் எண்ணிக்கை அளவுக்கு உயரக்கூடும். ஜாவாவில் ஒவ்வோர் இழைக்கும் அழைப்பு அடுக்கின் அளவு வரம்புக்குட்பட்டது. ஆகவே நீண்ட பட்டியல்களில் அடுக்கு நிரம்பி நிரல் பிழையுடன் நின்றுவிடலாம்.

செயல்திறன்

மேற்கூறிய இரு முறைகளிலும் ஒவ்வொரு கணுவும் நடப்பாக ஒருமுறையும், இறுதியைத் தேடும்போது அதிகம் ஒருமுறையும் தொடப்படுகின்றது. எனவே தேவைப்படும் நேரம் கணுக்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் அமையும். தற்சுழற்சியைத் தவிர்த்தால், கூடுதல் நினைவகம் ஓரிரு சுட்டுகள் மட்டுமே.

கவனிக்கவேண்டியவை

* சேய்ச் சுட்டை வெற்றாக்காவிடின் ஒரே கணுவை இரு வழிகளில் அடையலாம். அந்நிலையில் நிலை வரிசைச் செயற்கூற்றை மீண்டும் அழைத்தால், பட்டியலின் வால் அதன் நடுவிலுள்ள கணு ஒன்றுடன் இணைந்து முடிவற்ற வளையம் உருவாகும். வெற்றாக்கியிருந்தால் மீள அழைப்பதால் எம்மாற்றமும் நேராது.
* இரு கணுக்கள் ஒரே சேய்ப் பட்டியலைப் பகிர்ந்தாலும் இவ்வாறே வளையம் தோன்றும். எனவே ஒவ்வொரு சேய்ப் பட்டியலுக்கும் ஒரே ஒரு தாய்க் கணு இருத்தல் கட்டாயம். சுட்டுகளை வகுப்பின் தனிப் புலங்களாக மறைத்து, சேர்க்கும் செயற்கூற்றிலேயே இதனைச் சோதிப்பது பொருள் நோக்கு நிரலாக்கத்தின் பயன்களுள் ஒன்றாகும்.
* முந்தையது என்ற சுட்டையும் ஒவ்வோர் இணைப்பிலும் திருத்தவேண்டும். இது விடுபட்டால், முன்னோக்கிய அலசலில் பிழை தெரியாது. பின்னோக்கிச் செல்லும்போதே வெளிப்படும்.

மீட்டல்

சேய்ச் சுட்டு வெற்றாக்கப்பட்டபின் எந்தக் கணு எந்த நிலையைச் சேர்ந்தது என்ற தகவல் அழிந்துவிடுகின்றது. பழைய வடிவம் மீண்டும் தேவையெனில், நிலை வரிசையில் சேய்ச் சுட்டுகளை அழிக்காது வைத்து, தட்டையாக்கப்பட்டதைப் பட்டியல் வகுப்பில் ஒரு புலத்தால் குறிக்கலாம். ஒவ்வொரு சேய்ப் பட்டியலின் தலைக்கும் முன்னால் துண்டித்தால் பழைய பட்டியல் கிடைக்கும்.

பட்டியலை மாற்றாமலேயே, கணுக்களை உரிய வரிசையில் ஒவ்வொன்றாகத் தரும் அலசுபொருளை எழுதுவது இன்னொரு வழியாகும். ஆழ வரிசைக்கு அது தனக்கென ஓர் அடுக்கை வைத்திருக்கவேண்டும். ஆயினும் நிலைத் தகவல் காக்கப்படுவதால், பட்டியலைப் பல நிரற்பகுதிகள் பயன்படுத்தும் இடங்களில் இதுவே பாதுகாப்பானது.

இவற்றையும் பார்க்க

* இணைப்புப் பட்டியல்
* தற்சுழற்சி
* பொருள் நோக்கு நிரலாக்கம்