காலையில் மட்டும் உதறுகிறதா உங்கள் ஹைபிரிட் கார்?

ராத்திரி முழுக்க நின்ற ஹைபிரிட் கார். காலையில் இன்ஜின் ஓடத் தொடங்கியதும் சில விநாடிகள் கடகடவென உதறுகிறது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் சீராகிவிடுகிறது. ‘ஹைபிரிட் என்றாலே பேட்டரிதானே பிரச்னை’ என்று பலர் அங்கேயே செலவைத் தொடங்கிவிடுகிறார்கள். பேட்டரியைத் தொடும் முன் கூலன்ட் அளவைப் பாருங்கள்!

2009-ல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் (1.8 லிட்டர் இன்ஜின்) இந்தக் கோளாறு மெக்கானிக்குகளிடையே பிரசித்தம். ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் பிரியஸ்கள் ஓடும் இலங்கையில், உரிமையாளர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

என்ன நடக்கிறது?

எரிந்து வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்து மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்புவதுதான் இ.ஜி.ஆர் அமைப்பு. அதன் கூலரில் உள்ள மெல்லிய வழிகளில் நாளடைவில் கரி அடைத்துக்கொள்ளும். குளிர்ந்த வாயு போதிய அளவு வராதபோது சிலிண்டருக்குள் வெப்பம் கூடும். அதுவே ஹெட் கேஸ்கெட்டைப் பாழாக்குகிறது என்பது அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பலரின் கணிப்பு.

கேஸ்கெட் லேசாக விட்டுப்போனால், காரை நிறுத்திய பிறகும் அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் சிலிண்டருக்குள் கசியும். காலையில் அந்த ஈரமான சிலிண்டர் சரியாக எரியாது. அதுதான் உதறல்!

வீட்டிலேயே கவனிக்க...

* இந்த பிரியஸில் வெப்பநிலை முள் கிடையாது. சூடு எல்லை மீறினால்தான் விளக்கு எரியும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

* காரை முழுவதுமாக ஆஃப் செய்து, இன்ஜின் ஆறியபின் கூலன்ட் தொட்டியைப் பாருங்கள். இன்வெர்ட்டருக்குத் தனித் தொட்டி உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

* தரையில் ஒரு சொட்டும் இல்லை, ஆனால் கூலன்ட் வாராவாரம் குறைகிறதா? உடனே மெக்கானிக்கிடம் போங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் கேளுங்கள்

* ஸ்கேனரில் பி0401 வந்தால் இ.ஜி.ஆர் ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம். பி0300 முதல் பி0304 வரை வந்தால் சிலிண்டர் சரியாக எரியவில்லை. பிளக், காயில் கெட்டாலும் இது வரும் என்பதால், கோடு மட்டுமே தீர்ப்பு அல்ல.

* கூலன்ட் அமைப்புக்கு அழுத்தம் கொடுத்து, சில மணி நேரம் விட்டு, பிளக் துளை வழியாகக் குட்டி கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கரி படிந்த பிஸ்டன்களுக்கு நடுவே ஒன்று மட்டும் கழுவியதுபோல் பளிச்சென்று இருந்தால், கேஸ்கெட் மீது சந்தேகம் வலுக்கும்.

* இ.ஜி.ஆர் குழாயிலேயே கூலன்ட் ஈரம் இருந்தால், கூலரே உள்ளுக்குள் கசிந்திருக்கலாம். ஹெட்டைக் கழற்றும் முன் இதைப் பார்ப்பது முக்கியம்.

கேஸ்கெட் மாற்றும்போது ஹெட் வளைந்திருக்கிறதா என அளக்க வேண்டும். கூலரையும் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். அடைப்பை அப்படியே விட்டால் புது கேஸ்கெட்டுக்கும் அதே கதிதான். தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டினால் இன்ஜினே போய்விடலாம்.

பழைய ஹைபிரிட் வாங்கப் போகிறீர்களா? ‘நான் வரும்வரை இன்ஜினை ஓடவிடாதீர்கள்’ என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நீங்கள் போகும்போது பானெட் சூடாக இருந்தால், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்!