ஊரும் சேரியும் அறியாத நிலத்தடி நீர்

ஊர்க் கிணறு, காலனிக் கிணறு என்று மனிதர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். மண்ணுக்குள் நகரும் தண்ணீருக்கு இந்தப் பிரிவினை தெரியாது. ஆனாலும் கோடையில் முதலில் வறள்வது பல ஊர்களில் காலனியின் கைப்பம்புதான். ஏன்?

கடலிலும் ஏரியிலும் ஆவியாகும் நீரும், மரம் செடிகள் வெளிவிடும் ஈரமும் மேகமாகி மழையாகப் பெய்கின்றன. தமிழகத்தின் ஆண்டு மழை சராசரியாக 920 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. ஏறத்தாழ அதில் பாதியைத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. பெய்வதில் பெரும்பகுதி ஆவியாகவும் வெள்ளமாகவும் போய்விடுகிறது. சிறு பங்கு மட்டுமே நிலத்துக்குள் இறங்குகிறது.

பாறைக்குள் பயணம்

தமிழக நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப் பாறைப் பகுதி. இங்கே பூமிக்கடியில் ஆறு எதுவும் ஓடவில்லை. மேல்மண்ணுக்குக் கீழே உள்ள சிதைந்த பாறையின் துளைகளிலும், அதற்கும் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்குகிறது. மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி அது மிக மெதுவாக நகர்கிறது.

திறந்தவெளிக் கிணறு மேல் அடுக்கை நம்பியிருக்கிறது. ஆழ்துளைக் கிணறு கீழே உள்ள வெடிப்புகளைத் தொடுகிறது. பெரிய மோட்டார் தொடர்ந்து இறைக்கும்போது சுற்றிலும் நீர்மட்டம் புனல் வடிவில் சரிகிறது. இரு அடுக்குகளுக்கும் தொடர்பு இருந்தால், பக்கத்துக் கிணற்றின் நீரும் அந்தப் பள்ளத்துக்கு இழுபடுகிறது. வேலி தாண்டாமலே அடுத்தவர் தண்ணீரை எடுத்துவிட முடியும்.

நிலம் உள்ளவருக்கே நீர்

தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரை உரிமையாளர் எடுத்துக்கொள்ளலாம் என்பது 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் நிலைப்பாடு. விவசாய மின்மோட்டாருக்கான இலவச மின்சாரமும் நிலம் உள்ளவருக்கே பயன்படுகிறது. கூலி வேலைக்குப் போகும் தலித் குடும்பத்துக்கு இரண்டிலும் பங்கில்லை. நிலத்தடி நீரை முறைப்படுத்த 2003இல் தமிழக அரசு இயற்றிய சட்டம், நடைமுறைக்கு வராமலேயே 2013இல் ரத்தானது.

பொதுக் கிணறுகளும் சாலைகளும் அனைவருக்கும் உரியவை என்று 1924இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார் இரட்டைமலை சீனிவாசன். 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார் அம்பேத்கர். பின்னர் அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு, பொதுக் கிணறு, குளம் ஆகியவற்றில் பாகுபாட்டைத் தடை செய்தது. ஆனாலும் 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் தண்ணீருக்கான போராட்டங்கள். கிணற்றில் இறங்கும் உரிமை கிடைத்தும் கிணற்றில் நீர் இல்லையென்றால் அந்த உரிமையால் என்ன பயன்? கண்ணுக்குத் தெரியாத தண்ணீரையும் இனி உரிமைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அளந்து கேளுங்கள்

மாணவர்கள் இதைத் தொடங்கலாம். கயிற்றில் கல்லைக் கட்டி, காலனிக் கிணற்றின் நீர்மட்டத்தை ஜனவரியிலும் மே மாதத்திலும் அளந்து நோட்டில் எழுதுங்கள். சுற்றிலும் எத்தனை ஆழ்துளைக் கிணறுகள், எவ்வளவு ஆழம் என்பதையும் குறியுங்கள். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று கூடும் கிராம சபையில் அந்தக் கணக்கை வாசியுங்கள். காலனிக்கு மேட்டுப் பக்கம் தடுப்பணையோ குட்டையோ கேளுங்கள். அங்கே இறங்கும் நீர்தான் நம் கிணற்றை நோக்கி நகரும். ஏரியின் வரத்துக்கால்வாயைத் தூர்வாரவும் தீர்மானம் கேளுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்பதைத் தள்ளிவிடலாம். எழுதி வைத்த அளவை அப்படித் தள்ளுவது எளிதல்ல.